யாருடைய பெயரில்?



உயர்தர வகுப்பு மாணவரிடம் ஒரு நாள் இப்படிக் கேட்டேன்: "எங்கள் ஊரிலே சண்முகா என்று ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறதே, அந்தச் சண்முகா யார்?" கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது. "முருகன், சேர்." வகுப்பு முழுவதும் ஆமோதித்தது. தமிழாசிரியன் என்ற வகையில் அந்தப் பதிலுக்குப் பிழை போட என்னால் முடியவில்லை. ஆறுமுகம், சண்முகம் எல்லாம் அந்தக் கடவுளின் திருநாமங்கள்தாம். ஆனால் ஊரின் வரலாறு தெரிந்தவன் என்ற வகையில் மனம் கொஞ்சம் சுருக்கென்றது.

சண்முகம்பிள்ளை என்ற ஒருவர் திருகோணமலையில் வாழ்ந்து மறைந்தார். அவருடைய மனைவி தங்கம்மா. கணவரின் நினைவாக அந்த அம்மையார் 1923ஆம் ஆண்டிலே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதுவே இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. எங்கள் ஊரிலே ஆண்பிள்ளைகளுக்கான இந்துக் கல்லூரி 1897இலேயே வந்துவிட்டது. அண்ணன் தம்பிமார் படிக்கத் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் கழிந்த பின்னரே அக்கா தங்கைமாருக்கு இந்த வாசல் திறந்தது. அதுவரை அவர்களுக்கு இருந்தவை மிஷன் பாடசாலைகள். அங்கே அனுப்பத் தயங்கிய சைவக் குடும்பங்களில், பெண்பிள்ளை பெரியவளானதும் ஏடும் எழுத்தாணியும் மூலைக்குப் போய்விடும்.

1923 என்ற ஆண்டைச் சிறிது நின்று பார்க்க வேண்டும். திருகோணமலை அப்போது ஆங்கிலேயரின் கடற்படைத் துறைமுகம். உலகத்துக் கப்பல்கள் எல்லாம் வந்து நங்கூரமிடும் ஆழ்கடல் துறைமுகத்தின் கரையிலே வாழ்ந்த பெண்களுக்கு, தங்கள் தெருவின் முடக்கைத் தாண்டிப் போவதற்கே ஒரு துணை வேண்டும். அந்த ஊரிலே, கணவனை இழந்த ஒரு பெண் தன் பொருளைச் செலவிட்டு ஒரு கல்விக்கூடத்தை நிறுவுகிறாள். நல்ல காரியங்களின் வாசலிலே கைம்பெண்ணை எதிர்ப்படவும் விடாத காலம் அது. அந்தக் கைம்பெண்ணே ஒரு நல்ல காரியத்தின் வாசலாக நின்றாள்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய புதுமை என்று நான் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தபோது வேறு ஊர்களிலும் இதே கதை எழுந்து வந்தது. வங்காளத்திலே ரொக்கேயா என்ற முஸ்லிம் பெண்மணி இருந்தார். பெண்கள் ஆள, ஆண்கள் திரைக்குப் பின்னால் அடங்கி இருக்கும் ஒரு நாட்டைக் கற்பனை செய்து 1905இல் "சுல்தானாவின் கனவு" என்ற கதையை எழுதியவர். அது முதலில் வெளிவந்தது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் சஞ்சிகையில் என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. அவருடைய கணவர் சகாவத் ஹுசைன் 1909இல் இறந்தார். அதே ஆண்டிலே பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் ரொக்கேயா ஒரு பாடசாலையைத் தொடங்கினார். 1911இல் அது கல்கத்தாவுக்கு மாறியது. பாடசாலையின் பெயர் சகாவத் நினைவுப் பெண்கள் பாடசாலை. ஒரு சமயத்தையும் ஒரு மொழியையும் சேராத இரண்டு பெண்கள். ஒருவரை ஒருவர் அறிந்திருக்க நியாயமில்லை. இருவரும் பாடசாலையைக் கட்டினார்கள். இரண்டு பாடசாலைக்கும் கணவரின் பெயரே கிடைத்தது.

மராத்தி நாட்டிலே பண்டித ரமாபாய் கணவரை இழந்த பின்னரே 1889இல் பம்பாயில் சாரதா சதனத்தை நிறுவினார். சென்னையிலே சகோதரி சுப்புலட்சுமி குழந்தைப் பருவத்திலேயே விதவையாக்கப்பட்டவர். 1911இல் பட்டம் பெற்று, தம்மைப் போன்ற பெண்களைக் கூட்டி, கடற்கரையில் பனிக்கட்டி வைத்திருந்த பழைய ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தங்க வைத்துப் படிப்பித்தார். வரிசையாக நோக்கும்போது ஓர் ஐயம் எழுகிறது. இத்தனை ஆற்றலும் கணவன் இருந்தபோது எங்கே இருந்தது? இருந்தது, நிச்சயமாக இருந்தது. அதைப் பயன்படுத்தும் இடம்தான் இருக்கவில்லை. காசை இன்னதற்குச் செலவிடுவேன், இன்னாரை வேலைக்கு வைப்பேன், இந்தக் காணியில் கட்டடம் எழுப்புவேன் என்று ஒரு பெண் தன் வாயாலே சொல்லக்கூடிய நிலை, பெரும்பாலும் அந்தத் துயரத்துக்குப் பின்னரே அவளுக்கு வாய்த்தது.

இலக்கியம் இதை எப்போதோ கண்டுகொண்டது. சிலப்பதிகாரத்தில் புகார்க் காண்டத்துக் கண்ணகி எத்தனை வார்த்தை பேசுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். மதுரையிலே கோவலன் வெட்டுண்ட பிறகுதான் அவளுக்குக் குரல் வருகிறது. அரசனை அவன் அவையிலேயே நிறுத்திக் கேட்கிறாள். கிழக்கு மாகாணத்தவராகிய நாங்கள் வைகாசியிலே குளிர்த்தி பாடி ஆற்றுவது அந்தக் கண்ணகியைத்தான். புகாரில் மௌனமாக இருந்த கண்ணகிக்குக் கோயில் கட்டியதாக நான் அறியேன்.

எங்கள் பகுதிக் கதையொன்று இதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது. கலிங்கத்திலிருந்து பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்ட குழந்தை ஒன்று இங்கே கரையேறி வளர்ந்து, உன்னாசகிரியிலிருந்து நாடாளும் அரசியாகிறது. அவள்தான் ஆடகசவுந்தரி. எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் முதலாக அவள் கதை பலவாறு வழங்குகிறது. கோணேசர் கோயில் திருப்பணியைச் செய்த குளக்கோட்டனை எதிர்த்து அவள் படையை அனுப்புகிறாள். முடிவு போர் அல்ல, திருமணம். அதற்குப் பிறகு கதையிலே குளக்கோட்டன்தான் பேசுகிறான், கட்டுகிறான், குளம் தொடுகிறான். ஆடகசவுந்தரியின் குரலைக் காணோம். கதையை வரலாறாகக் கொள்ள வேண்டாம். ஆனால் கதை சொல்லிகளுக்கு எந்த இடத்தில் பெண்ணைக் கதைக்கு வெளியே இறக்கிவிட வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

அரசியலுக்கு வருவோம். நியூசிலாந்துப் பெண்கள் 1893இல் வாக்குரிமை பெற்றனர். பிரான்சில் 1944 வரை காத்திருந்தனர். சுவிட்சர்லாந்தில் 1971 வரை. நமது நாட்டிலே 1931இல், இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை வந்தது. அதைக் கேட்டு டொனமூர் ஆணைக்குழுவின் முன் சென்றது 1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம். தோட்டங்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களுக்கும் வேண்டுமா என்று ஆணைக்குழு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தாமே, வேண்டும் என்ற பொருளில் அக்னஸ் டி சில்வா விடையிறுத்தார். 1948இலும் 1949இலும் வந்த சட்டங்கள் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தபோது, அந்த விடையை நினைவில் வைத்திருந்தவர் அதிகமில்லை. இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 1913இல் பெண்களுக்கென்று இராமநாதன் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்து வாதிட்டார். படிக்கட்டும், ஆனால் தீர்மானிக்க வேண்டாம் என்பது அக்காலத்துப் பெரியவர்களின் நிலை. அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வாக்கு வந்தது. ஆசனம் எப்படி வந்தது? அரசாங்க சபைக்கு முதலில் வந்த பெண் அட்லீன் மொலமூரே, 1931இல், தந்தை இறந்து வெற்றிடமான தொகுதியில். அடுத்தவர் நேசம் சரவணமுத்து, 1932இல், கணவர் பதவியிழந்த கொழும்பு வடக்குத் தொகுதியில். 1960இல் உலகின் முதற் பெண் பிரதமராகிய சிறிமாவோ பண்டாரநாயக்கா, கொலையுண்ட கணவரின் கட்சிக்குத் தலைமை ஏற்றவர். 1980இல் பொத்துவில் தொகுதிக்கு உறுப்பினராகிய ரங்கநாயகி பத்மநாதன், காலமான சகோதரர் கனகரத்தினத்தின் இடத்துக்கு வந்தவர். தகுதியில் இவர்கள் குறைந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. நேசம் சரவணமுத்து பொதுத் தேர்தலிலும் வென்று காட்டினார். ஆனால் வாசல் எப்போதும் ஒரு மரண அறிவித்தல் ஒட்டிய வாசலாகவோ, ஆண் ஒருவர் எழுந்துபோன கதிரையாகவோ இருந்தது. இந்த வரிசையில் சேராமல், 2024இல் பிரதமரான ஹரிணி அமரசூரியவுக்காக நாடு நெடுங்காலம் காத்திருந்தது. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு இருபத்தைந்து விழுக்காடு என்ற ஒதுக்கீடு 2018 தேர்தலிலேதான் முதன்முதல் நடைமுறைக்கு வந்தது.

இனி எங்கள் மாவட்டத்துக்குத் திரும்புகிறேன். கிழக்கிலே, தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், ஒரு நல்ல வழக்கம் உண்டு. மகளுக்குக் கலியாணம் பேசும்போது வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதப்படும். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். சீதனம் என்ற சொல்லுக்குள் எத்தனையோ கொடுமைகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் தலைக்குமேல் இருக்கும் கூரை பெண்ணுடையது என்ற பாதுகாப்பும் அதற்குள் இருந்தது. புருசன் குடிகாரனானாலும், விட்டுப் போனாலும், செத்தாலும் அவளைத் தெருவில் இறக்க ஒருவராலும் முடியாது.

அதைத் தொட்டது இரண்டு. ஒன்று பழையது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றங்களில் பெர்மிட் காணி வைத்திருந்தவர் வாரிசை நியமிக்காமல் இறந்தால், ஆண்பிள்ளைக்கே முதலிடம் என்றது அதன் அட்டவணை. 2022இலேதான் அது திருத்தப்பட்டது. மற்றது கடலால் வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி கொண்டுபோன கரையோர வீடுகளில் மிகப் பல, பெண்களின் சீதன வீடுகள். புதிய வீடு கொடுக்க வந்தவர்களின் படிவத்திலே "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. பல இடங்களில் அதற்குள் கணவனின் பெயர் போனது. வீடும் அந்தப் பெயருக்குப் போனது. பரம்பரை பரம்பரையாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை ஒரு கட்டத்துக்குள்ளே, ஒரு பேனா முனையிலே, ஆளுக்கு ஆள் மாறிவிட்டது. எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. அதுதான் இதிலே வேதனை.

யுத்தம் முடிந்த மறு ஆண்டு, 2010இல், வடக்கிலும் கிழக்கிலுமாக எண்பத்தொன்பதாயிரம் யுத்த விதவைகள், அவர்களில் நாற்பத்தொன்பதாயிரம் பேர் கிழக்கில் என்று பிரதியமைச்சர் ஒருவர் கணக்குச் சொன்னார். இன்று எங்கள் கிராமங்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் தலைவியாகவும் செயலாளராகவும் இருந்து, சிறுகடன் கணக்கெழுதி, பிரதேச செயலகப் படியேறி இறங்குவோரில் அந்த வரிசையைச் சேர்ந்தவர்கள் பலர். தங்கம்மா அம்மையாரிடம் பாடசாலை கட்டப் பொருள் இருந்தது. இவர்களிடம் கருவாடு காயப்போடும் பாயும், அடைவு வைத்த தோடும் இருந்தன.

சம்பூர்ப் பக்கத்து மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, நீண்ட காலத்தின் பின் திரும்பிய நாட்களில், ஓர் அலுவலகத்தின் விறாந்தையில் என் வேலையாக நின்றிருந்தேன். அறுபது வயதை அண்மித்த ஓர் அம்மா பொலித்தீன் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்து, "தம்பி, நீங்கள் வாத்தியார்தானே, இதை நிரப்பித் தாங்க" என்று படிவத்தை நீட்டினார். பைக்குள்ளே தாயார் எழுதிக் கொடுத்த காணி உறுதி. ஓரங்கள் கறையான் தின்றவை. பத்து ஆண்டு முகாம் முகாமாக அதைக் காவித் திரிந்திருக்கிறார்.

பெயர், கிராமம், காணியின் எல்லைகள் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினேன். குடும்பத் தலைவர் என்ற கட்டம் வந்தது. "ஐயாட பேர் என்ன?" என்று கேட்டேன். அவர் சொன்னார். எழுதிவிட்டேன்.

எழுதியதை எழுத்துக்கூட்டிப் பார்த்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவர் செத்துப் பத்து வருசம் தம்பி. என்ட பேரைப் போடுங்க."

வெட்டி, மேலே அவர் பெயரை எழுதினேன். படிவத்தை வாங்கிய உத்தியோகத்தர், வெட்டிய இடத்திலே கையொப்பம் வைக்க வேண்டும் என்றார். அந்த அம்மா என் பேனையை வாங்கி, அங்கேயே நின்று, ஒவ்வோர் எழுத்தாக வைத்தார்.