ரெண்டாவது மானிட்டரும் கிராபிக்ஸ் கார்டும்

பட்டாபிராம் டைடல் பார்க் 2024 நவம்பர்ல திறந்தாங்க இல்லையா, அங்கே வேலைக்குப் போற எதிர்வீட்டுத் தம்பிக்கு வீட்டிலயும் ரெண்டு மானிட்டர் ஆசை. "அண்ணா, ரெண்டாவது மாட்டினா கார்டு திணறுமாமே, புது கார்டு வாங்கணுமா?"ன்னான். காசை உள்ள வைடா, கதையைக் கேளு.

இந்த பயம் சும்மா வந்ததில்லை மக்களே. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியில் ரெண்டு திரைக்கு ரெண்டு கார்டு சொருகணும்: எழுத்துக்கு எம்டிஏ, படத்துக்கு சிஜிஏ. லோட்டஸ் 1-2-3 ஒண்ணுல கணக்கையும் இன்னொண்ணுல வரைபடத்தையும் காட்டும். 1999-ல் மேட்ராக்ஸ் ஜி400 ஒரே கார்டில் ரெண்டு திரை கொடுத்தது. ஆனா மெமரி 16 இல்லைன்னா 32 எம்பிதான். 1024 × 768 திரை ஒண்ணுக்கு, 32 பிட் நிறத்தில், 3 எம்பி போயிடும். பதினாறில் மூணு போனா வலிக்காதா?

இன்னிக்கு 1920 × 1080 திரைக்குச் சுமார் 8 எம்பி. 8 ஜிபி கார்டுக்கு அது கொசுக்கடி :-) கேமை மூணு திரையில் விரிச்சு ஆடினாத்தான் பிக்சல் மூணு மடங்காகி வேகம் படுக்கும். 2009-ல் ஏடிஐயின் ஐஃபினிட்டி வந்தப்பவும் இதே கதைதான். இன்னொண்ணு: ஒரு திரை 144 ஹெர்ட்ஸ், மற்றது 60 என்றால், சில கார்டுகள் சும்மா இருக்கும்போதும் மெமரி வேகத்தைக் குறைக்காது. சூடும் கரண்ட் பில்லும்தான் ஏறும்.

தம்பி கேபிள் மட்டும் வாங்கினான்.