அனுமதி கேட்காமல் கட்டிய மேடைகள்

2008-ல் எனக்குப் பதினொரு வயது. கிள்ளானில் பெரியப்பா வீட்டில் நிண்டெண்டோ வீ இருந்தது, எங்கள் வீட்டில் இல்லை. பள்ளி விடுமுறைக்கு அங்கே போனால் அண்ணனோடு (பெரியப்பா மகன்) உட்கார்ந்து 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால்' ஆடுவேன். மாரியோ, பிகாச்சு, லிங்க், சோனிக் என்று வெவ்வேறு விளையாட்டுகளின் நாயகர்கள் ஒரே மேடையில் அடித்துக்கொள்ளும் சண்டை. எப்போதும் அண்ணன்தான் ஜெயிப்பார். தோற்ற கோபத்தில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் நான் புதுப்புது மேடைகளாக வரைந்து தள்ளுவேன்.

அவற்றில் ஒன்று மட்டும் இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. பசார் மாலாம். கடைகளின் தார்ப்பாய்க் கூரைகள்தான் தரை. மழை பெய்யும்போது தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொய்யும், கனம் தாங்காமல் ஒரு பக்கம் கொட்டும்போது அங்கே நிற்பவனையும் சேர்த்துத் தள்ளிவிடும். இசைக்கும் ஒரு யோசனை வைத்திருந்தேன். இடது ஓரத்து சிடி கடைக்கு மேலே சண்டை நடந்தால் தமிழ்ப் பாட்டு, நடுவில் மலாய்ப் பாட்டு, வலப்பக்கம் போனால் ஹொக்கியன் பாட்டு.

அண்ணன் நோட்டை வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்த ஓரத்துல லாரி ஒண்ணு வரைஞ்சிருக்கியே, அதுக்குப் பின்னாடி ஒருத்தன் போய் நின்னுக்கிட்டா ஆட்டம் எப்பத்தான் முடியும்?"

அன்றைக்கு அழுகை வந்தது. இந்த விளையாட்டின் வரலாற்றைப் படித்த பிறகு, அவர் கேட்டதுதான் சரியான கேள்வி என்று தெரிந்தது.

*

ஸ்மாஷ் தொடரின் முதல் மேடை ஒரு புகைப்படம்.

1990களில் ஹால் லேபரட்டரி என்ற ஜப்பானிய நிறுவனத்தில் மசாஹிரோ சகுராய் ஒரு சோதனை விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார். திட்டம், வடிவமைப்பு, உருவங்கள், அசைவுகள் எல்லாம் அவருடையவை. நிரல் எழுதியவர் சடோரு இவாட்டா. அப்போது ஹாலின் தலைவர், பின்னாளில் நிண்டெண்டோவின் தலைவர். வார இறுதிகளில் உட்கார்ந்து எழுதினாராம். ஒலிக்கு இன்னொருவர். ஏறக்குறைய அவ்வளவுதான் ஆட்கள். பாத்திரங்களுக்கு முகம்கூட இல்லை. அலுவலகம் இருந்த ரியூஓ என்ற ஊரின் பெயரையே விளையாட்டுக்கும் வைத்தார்கள்: 'டிராகன் கிங்'. பின்னணியில் அந்தப் பக்கத்தில் எடுத்த ஒரு புகைப்படம்.

முகமில்லாத ஆட்கள் சண்டை போட்டால் யார் பார்ப்பார்கள்? சகுராய் மாரியோ, டாங்கி காங், சேமஸ், ஃபாக்ஸ் நால்வரையும் உள்ளே கொண்டுவந்தார். நிண்டெண்டோவிடம் முன்கூட்டி அனுமதி கேட்கவில்லை. கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று தெரிந்து, முதலில் ஆட்டத்தைச் சரியாக ஓடவைத்துவிட்டுப் பிறகு கொண்டுபோய்க் காட்டினார். 1999 ஜனவரியில் ஜப்பானில் வெளியான 'ஸ்மாஷ் பிரதர்ஸ்' பிறந்தது இப்படித்தான்.

ரசிகர்களின் யோசனைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது இந்தச் சம்பவம் என்னை விட்டு நகரவில்லை. அடுத்தவருடைய பாத்திரங்களை எடுத்து, அனுமதியில்லாமல், ஓய்வு நேரத்தில், தன் ஊரின் படத்தைப் பின்னால் ஒட்டிச் செய்த சண்டை விளையாட்டு. ஒரு ரசிகன் செய்கிற வேலை அதுதானே? சகுராய் சரியான கட்டடத்துக்குள் இருந்தார் என்பது மட்டும்தான் வேறுபாடு.

*

ஸ்மாஷில் மேடைக்கு மற்ற சண்டை விளையாட்டுகளில் இல்லாத முக்கியத்துவம் உண்டு. இங்கே எதிரியின் உயிர்க்கோடு குறைந்து பூஜ்ஜியமாவதில்லை. அடி வாங்க வாங்க அவனுடைய சதவீதம் ஏறும், ஏற ஏற அவன் தூரமாகப் பறப்பான். கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஓர் உயிர் போகும். ஆகவே கூரை எவ்வளவு உயரம், ஓரம் எங்கே முடிகிறது, ஒளிய இடம் இருக்கிறதா என்பதெல்லாம்தான் சண்டையின் முடிவைத் தீர்மானிக்கும். பொறியியல் படித்தவனுக்கு இது புரிய அதிக நேரம் ஆகாது. மேடை என்பது படமல்ல, எல்லை நிபந்தனை.

2001-ல் வந்த 'மெலீ'யில் ஹைரூல் டெம்பிள் என்ற பிரம்மாண்டமான மேடை உண்டு. வீட்டில் ஆடுகிறவர்களுக்கு அது உயிர். போட்டிகளில் ஆடுகிறவர்களுக்கு அது தலைவலி. வேகமான ஆட்டக்காரன் ஒரு அடி அடித்துவிட்டு, கடிகாரம் முடியும்வரை வட்டமாக ஓடிக்கொண்டே இருக்கலாம். அண்ணன் சொன்ன லாரி இதுதான்.

போட்டி ஆட்டக்காரர்கள் புது மேடை கேட்கவில்லை, இருக்கும் மேடைகளைக் கழித்தார்கள். கழித்துக் கழித்து மெலீ போட்டிகளில் மிஞ்சியவை ஆறு. அதிலும் தட்டையான 'ஃபைனல் டெஸ்டினேஷன்' ஒரு கேலிச் சொல்லாகவே ஆனது. ஆயுதம் வேண்டாம், ஃபாக்ஸ் மட்டும் போதும், ஃபைனல் டெஸ்டினேஷனில் மட்டும் ஆடுவோம் என்று அவர்களை மற்றவர்கள் கிண்டலடித்தார்கள். ஆனால் 2014 பதிப்பில் ஒவ்வொரு மேடைக்கும் அப்படி ஒரு தட்டையான வடிவம் வந்தது. 2018-ன் 'அல்டிமேட்'டில் மேடையின் ஆபத்துகளை அணைத்துவைக்கும் வசதியும் சேர்ந்தது. ரசிகர்களின் யோசனைகளில் அதிகம் பலித்தது எதையும் சேர்க்கச் சொல்லாத யோசனைதான் என்று நினைக்கிறேன்.

*

'பிரால்' முதல்முறையாக மேடை கட்டும் கருவியையே எங்கள் கையில் கொடுத்தது. கட்டிய மேடையை நிண்டெண்டோவுக்கு அனுப்பினால், தேர்ந்தெடுத்த ஒன்றைத் தினமும் எல்லோருடைய வீக்கும் அனுப்புவார்கள். அண்ணனும் நானும் அனுப்பினோம். மறுநாள் காலையில் பல் விளக்குவதற்கு முன்பே பெட்டியைத் திறந்து பார்த்தோம். யாரோ ஒருவருடைய மேடை வந்திருந்தது. அடுத்த நாளும் யாரோ ஒருவருடையது. 2009 ஜூன் இறுதியில் அந்தச் சேவை நின்றது. 2014 மே மாதம் வீயில் இணையம் வழியாக ஆடும் சேவையும் நிறுத்தப்பட்டது. 2024 ஏப்ரலில் 3டிஎஸ், வீ யூ இரண்டுக்கும் அதே கதி. அவற்றின் வழியாகப் பகிர்ந்துகொண்ட மேடைகளை இனி யாரும் இறக்கிக்கொள்ள முடியாது.

இசையின் கதை வேறு. பிராலில் 'மை மியூசிக்' என்ற பகுதி இருந்தது. ஒரு மேடையில் எந்த இசை அடிக்கடி வர வேண்டும், எது அரிதாக வர வேண்டும் என்பதை நாமே கூட்டிக் குறைக்கலாம். முகப்பு இசை 'ஃபைனல் ஃபேன்டசி'யின் நோபுவோ உவேமட்சு அமைத்தது. அல்டிமேட் வந்தபோது ஆட்டத்தில் ஒலிக்கவிடக்கூடிய இசை 800-ஐத் தாண்டியிருந்தது. அதில் இசை மேடையோடு கட்டப்படவில்லை. ஒரு தொடரின் இசையை அந்தத் தொடரின் எந்த மேடையிலும் ஒலிக்கவிடலாம்.

அப்படியும் ரசிகன் கேட்பது எல்லாம் கிடைப்பதில்லை. 2015-ல் ஃபைனல் ஃபேன்டசி 7-ன் கிளவுட் வந்தார். கூடவே மிட்கார் என்ற அருமையான மேடை. ஆனால் அந்த விளையாட்டிலிருந்து வந்த இசை இரண்டே இரண்டு. இசையின் புதையல் என்று சொல்லத்தக்க ஒரு விளையாட்டிலிருந்து இரண்டு! அல்டிமேட்டிலும் முதலில் அதே இரண்டுதான். 2020 டிசம்பரில் செஃபிரோத் வந்தபோதுதான் கதவு கொஞ்சம் திறந்தது. ஒரு பாத்திரத்துக்குக் கிடைக்கும் அனுமதி, அவருடைய பாட்டுக்கும் சேர்த்துக் கிடைத்துவிடுவதில்லை.

*

இனி ஒரு பாட்டின் பயணம்.

'எர்த்பவுண்ட்' 1995-ல் அமெரிக்காவுக்கு வந்த ஒரு ஜப்பானிய விளையாட்டு. அங்கே அதிகம் விற்கவில்லை. ஆனாலும் அதன் நாயகன் நெஸ் முதல் ஸ்மாஷிலேயே இடம்பிடித்தான். அந்த விளையாட்டின் மேல் பைத்தியமாக இருந்த ரசிகர்களில் டோபி ஃபாக்ஸ் என்ற பதின்வயதுப் பையனும் ஒருவன். 2008-ல் அவன் எர்த்பவுண்டின் உள்ளே கை வைத்து, ஹாலோவீனுக்காக அதை ஒரு பேய்க் கதையாக மாற்றினான். யாரிடமும் அனுமதி வாங்கியதாகத் தெரியவில்லை. அதன் இறுதிச் சண்டைக்கு அவன் சேர்த்த இசையின் பெயர் 'மெகலோவேனியா'.

அதே இசை பிறகு 'ஹோம்ஸ்டக்' என்ற இணையப் படக்கதைக்குப் போனது. 2015-ல் டோபி ஃபாக்ஸின் சொந்த விளையாட்டான 'அண்டர்டேல்' வெளியானபோது, அதில் சான்ஸ் என்ற எலும்புக்கூட்டோடு நடக்கும் சண்டைக்கு வந்தது. 2019 செப்டம்பரில் சான்ஸின் உடை ஸ்மாஷில் நுழைந்தது, கூடவே டோபி ஃபாக்ஸே புதிதாக அமைத்துக் கொடுத்த மெகலோவேனியாவும். அன்றைக்கு நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மதிய உணவு நேரத்தில் கைப்பேசியில் அந்த அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சோறு ஆறிப்போனது. நான் பசார் மாலாம் வரைந்த அதே ஆண்டில் அவன் அந்த இசையைச் செய்திருக்கிறான்.

இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடித்துவிடலாம். மனம் ஒப்பவில்லை. பிராலை மாற்றி 'புராஜெக்ட் எம்' என்று ஒரு குழு உருவாக்கியது. மேடைகளைச் செதுக்கினார்கள், பாத்திரங்களைத் திருத்தினார்கள். பல ஆண்டு உழைப்பு, ஊதியம் எதுவும் இல்லை. 2015 டிசம்பரில் வேலையை நிறுத்திவிட்டதாக அவர்களே அறிவித்தார்கள். 2020-ல் நோய்த்தொற்றுக் காலத்தில், ரசிகர்கள் செய்த ஒரு மென்பொருளின் உதவியோடு இணையத்தில் மெலீ நடத்தவிருந்த 'தி பிக் ஹவுஸ்' போட்டி, நிண்டெண்டோவின் தடைக் கடிதத்தால் கைவிடப்பட்டது. சகுராய் கேட்காமல் எடுத்தார், அது தொடராகியது. டோபி கேட்காமல் எடுத்தான், பிறகு சொந்தமாக ஒன்றைச் செய்து முன்வாசல் வழியாக உள்ளே போனான். மற்றவர்கள் வெளியிலேயே நின்றார்கள். திறமை குறைவு என்று என்னால் சொல்ல முடியாது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவர்களுடைய சொத்து. ஆனால் அந்தச் சொத்தின் முதல் கல்லே அனுமதி இல்லாமல் வைத்த கல் என்பதை மறந்துவிடக் கூடாது.

*

2019 ஏப்ரலில் அல்டிமேட்டுக்கும் மேடை கட்டும் கருவி வந்தது. இந்த முறை விரலாலேயே வரையலாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் அண்ணன் ஒரு தீபாவளிக்கு கிள்ளான் வந்திருந்தார். நான் பசார் மாலாமைக் கட்டி வைத்திருந்தேன். தார்ப்பாய் தொய்யாது, அதற்கு வழியில்லை. இசையும் விளையாட்டில் ஏற்கெனவே இருப்பதிலிருந்துதான் எடுக்க வேண்டும், மூன்று மொழிப் பாட்டு வெறும் கனவு. கூரைகள் மட்டும் நோட்டில் இருந்த மாதிரியே வந்திருந்தன. வீம்புக்கு லாரியையும் வரைந்து வைத்திருந்தேன்.

ஆட்டம் தொடங்கியதும் அண்ணன் ஒரு அடி அடித்துவிட்டு நேராக ஓடி லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"பதினோரு வருஷம் ஆச்சு, இன்னும் இத எடுக்கலியாடா நீ?"

ஆட்டம் முடிந்ததும் லாரியை அழித்தேன். மறுபடி ஆடினோம். தோற்றேன், ஆனால் இந்த முறை சண்டை நன்றாக இருந்தது. அந்த மேடையை இணையத்தில் பதிவேற்றியிருக்கிறேன். என்றாவது ஒருநாள் அந்தச் சேவையும் நிற்கும். அதற்குள் யாராவது இறக்கி ஆடட்டும்.