மின்னஞ்சலுக்கான ஆள்களப் பெயர்ப் பதிவுகள்

மின்னஞ்சலுக்கான ஆள்களப் பெயர்ப் பதிவுகள் என்பவை, ஓர் ஆள்களப் பெயருக்கு வரும் மின்னஞ்சலை எந்த வழங்கி பெற்றுக்கொள்ளும் என்பதையும், அப்பெயரில் மின்னஞ்சல் அனுப்பும் உரிமை எவ்வழங்கிகளுக்கு உண்டு என்பதையும் அறிவிக்கும் டிஎன்எஸ் பதிவுகள் ஆகும். சொந்த ஆள்களப் பெயர் உடையவர், மின்னஞ்சல் சேவை நிறுவனத்தை மாற்றும்போது முகவரியை மாற்ற வேண்டியதில்லை. இப்பதிவுகளை மாற்றினால் போதும். ஆனால் இவற்றில் நேரும் பிழைகள் பெரும்பாலும் உரிமையாளரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. வராமற்போன கடிதத்தைப் பெறுநர் அறியார். எரிதப் பெட்டியில் விழுந்த கடிதத்தை அனுப்புநர் அறியார்.

வரலாறு

மின்னஞ்சலை வழங்கிகளுக்கிடையே கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வெளியானது. அடுத்த ஆண்டில் பால் மொக்கபெட்ரிசு டிஎன்எஸ் முறைமையை வடிவமைத்தார். அதில் மின்னஞ்சலுக்கென எம்டி, எம்எஃப் என்னும் இரு பதிவு வகைகள் இருந்தன. 1986இல் இவற்றுக்கு மாற்றாக எம்எக்ஸ் பதிவு அறிமுகமாயிற்று. எஸ்எம்டிபி அனுப்புநரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதில்லை என்பதால் எவரும் எவர் பெயரிலும் கடிதம் அனுப்ப முடிந்தது. எரிதங்களும் போலிக் கடிதங்களும் பெருகியதைத் தொடர்ந்து எஸ்பிஎஃப் (2006), டிகேஐஎம் (2007), டிமார்க் (2015) ஆகியவற்றின் வரையறைகள் இணைய ஆவணங்களாக வெளியாயின.

மின்னஞ்சலைப் பெறுதல்

இங்கு உதாரணம்.பரிட்சை என்னும் பெயர் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. தமிழ் எழுத்திலான ஆள்களப் பெயர்களைச் சோதிப்பதற்காக ஐகேன் அமைப்பு 2007இல் இதனை நிறுவியது. சோதனைப் பெயர்கள் 2013இல் நீக்கப்பட்டன.

எம்எக்ஸ் பதிவில் முன்னுரிமை எண், வழங்கியின் பெயர் என இரு பகுதிகள் உண்டு. 10 என்னும் எண்ணுடன் அஞ்சல்.உதாரணம்.பரிட்சை என்ற வழங்கியும், 20 என்னும் எண்ணுடன் மற்றொரு வழங்கியும் தரப்பட்டிருந்தால், அனுப்பும் வழங்கி முதலில் சிறிய எண்ணுக்குரியதையே நாடும். அது கிடைக்காதபோதே அடுத்ததற்குச் செல்லும். எம்எக்ஸ் பதிவில் ஐபி முகவரியை நேரடியாக இடக் கூடாது. வழங்கியின் பெயரையே இட வேண்டும். அப்பெயருக்கு ஏ அல்லது ஏஏஏஏ பதிவின் வழியாக ஐபி முகவரி தரப்பட்டிருக்க வேண்டும். அது வேறொரு பெயரைச் சுட்டும் சிநேம் பதிவாக இருத்தலாகாது.

பெறும் வழங்கி சிறிது நேரம் செயலிழந்தால் பொதுவாகக் கடிதங்கள் தொலைவதில்லை. அனுப்பும் வழங்கி அவற்றை வரிசையில் வைத்துக் குறைந்தது 4 முதல் 5 நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபி பரிந்துரை. ஆனால் எம்எக்ஸ் பதிவு தொடர்பற்ற ஒரு வழங்கியைச் சுட்டினால், அவ்வழங்கி நிரந்தர மறுப்பைத் தெரிவிக்கும். கடிதம் அப்போதே திருப்பி அனுப்பப்படும். எனவே வழங்கி நின்றுபோவதைவிடப் பதிவு பிழையாக இருப்பதே பெருங்கேடு.

மின்னஞ்சலை அனுப்புதல்

அனுப்பப்படும் கடிதம் ஏற்கப்படுவதற்கு எம்எக்ஸ் பதிவு மட்டும் போதாது. கீழ்வரும் பதிவுகளும் தேவைப்படுகின்றன.

* எஸ்பிஎஃப்: ஆள்களப் பெயரின் சார்பில் அனுப்பக்கூடிய வழங்கிகளின் பட்டியல். இது டிஎக்ஸ்டி வகைப் பதிவாக இடப்படுகிறது.
* டிகேஐஎம்: அனுப்பும் வழங்கி தனது தனித் திறவுகோலால் கடிதத்தில் மின்கையொப்பம் இடுகிறது. அதற்கு இணையான பொதுத் திறவுகோல் டிஎன்எஸ்சில் வெளியிடப்படுகிறது. பெறும் வழங்கி இதனைக் கொண்டு கையொப்பத்தைச் சரிபார்க்கிறது.
* டிமார்க்: வாசகருக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியின் ஆள்களப் பெயர், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் வழி உறுதியான பெயருடன் பொருந்துகிறதா எனக் காணச் செய்கிறது. பொருந்தாத கடிதத்தை விட்டுவிடுவதா, ஒதுக்கி வைப்பதா, மறுப்பதா என்ற உரிமையாளரின் விருப்பத்தையும் தெரிவிக்கிறது.
* பிடிஆர்: ஐபி முகவரியிலிருந்து வழங்கியின் பெயரை அறிய உதவும் தலைகீழ்ப் பதிவு. இதனை ஆள்களப் பெயரின் உரிமையாளர் அல்லாது, ஐபி முகவரியைத் தருகின்ற நிறுவனமே அமைக்க இயலும்.

இவற்றுள் எஸ்பிஎஃப் கடிதம் வந்த வழியைச் சோதிக்கிறது. டிகேஐஎம் கடிதத்தையே சோதிக்கிறது. ஒருவர் தமக்கு வந்த கடிதத்தைத் தானாக வேறு முகவரிக்குத் திருப்பிவிடும்போது வழி மாறுவதால் எஸ்பிஎஃப் தவறக்கூடும். கடிதம் திருத்தப்படாதவரை டிகேஐஎம் கையொப்பம் நிலைத்திருக்கும். ஆகவே இரண்டையும் அமைப்பதே நன்று. 2024 பெப்ரவரி முதல் கூகுள், யாகூ ஆகிய நிறுவனங்கள், பெருமளவில் கடிதம் அனுப்புவோர் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் கொண்டிருக்க வேண்டும் என விதித்தன.

பொதுவான பிழைகள்

* ஒரே பெயருக்கு இரண்டு எஸ்பிஎஃப் பதிவுகள் இடுதல். புதிய சேவையைச் சேர்க்கும்போது இப்பிழை எளிதில் நேர்கிறது. அப்போது சோதனை பிழையில் முடியும். இரண்டில் எதுவும் பயன் தராது. பழைய பதிவிலேயே புதிய சேவையைச் சேர்க்க வேண்டும்.
* எஸ்பிஎஃப் சோதனைக்கான டிஎன்எஸ் தேடல்கள் 10 என்ற வரம்பைத் தாண்டுதல்.
* மண்டலக் கோப்பில் வழங்கிப் பெயரின் இறுதிப் புள்ளியை விட்டுவிடுதல். அப்போது ஆள்களப் பெயர் மீண்டும் ஒட்டிக்கொண்டு அஞ்சல்.உதாரணம்.பரிட்சை.உதாரணம்.பரிட்சை என்றாகிவிடும்.
* நீண்ட டிகேஐஎம் திறவுகோலை ஒரே சரமாக இடுதல். டிஎக்ஸ்டி பதிவில் ஒரு சரம் 255 எண்ணுண்மிகளைத் தாண்டக் கூடாது. நீண்ட திறவுகோலைப் பல சரங்களாகப் பிரிக்க வேண்டும்.

மாற்றமும் சரிபார்ப்பும்

ஒவ்வொரு பதிவும் இடைநிலை வழங்கிகளில் எவ்வளவு நேரம் சேமித்து வைக்கப்படலாம் என்பதை அதன் டிடிஎல் மதிப்பு வினாடிகளில் குறிக்கிறது. 86400 எனில் ஒரு நாள். சேவை நிறுவனத்தை மாற்ற எண்ணுவோர் முன்னதாகவே இதனை 300 போன்ற சிறிய எண்ணாகக் குறைத்து, பழைய மதிப்புக்குரிய காலம் கழிந்த பின்னர் எம்எக்ஸ் பதிவை மாற்றுவது வழக்கம். பழைய அஞ்சல் பெட்டியையும் சில நாட்கள் மூடாது வைத்திருத்தல் வேண்டும்.

டிக், என்எஸ்லுக்அப் ஆகிய கட்டளைகளால் பதிவுகளைப் பார்வையிடலாம். வேறொரு சேவையில் உள்ள முகவரிக்குச் சோதனைக் கடிதம் அனுப்பி, அதன் தலைப்புப் பகுதியில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் முடிவுகளைக் காணலாம். டிமார்க் கொள்கையை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் பார்த்தபின் மறுப்பு நிலைக்கு உயர்த்துவது பாதுகாப்பானது.

பதிவுகள் யாவும் சரியாக இருப்பினும், ஆள்களப் பெயரின் பதிவுக்காலம் புதுப்பிக்கப்படாவிடில் பயனில்லை. கைவிடப்பட்ட பெயரை வேறொருவர் வாங்கித் தமது எம்எக்ஸ் பதிவை இட்டால், பழைய உரிமையாளருக்கு வரும் கடிதங்கள் அவரைச் சென்றடையும். வங்கி முதலிய கணக்குகளின் கடவுச்சொல் மீட்புக் கடிதங்களும் அவற்றுள் அடங்கும். எனவே ஆள்களப் பெயரைக் கைவிடுவதற்கு முன், அம்முகவரியைக் கொண்டு திறந்த கணக்குகள் அனைத்திலும் முகவரியை மாற்றுவது இன்றியமையாதது.