யானை வேட்டையும் தோட்டாத் தேர்வும்

முயலை வீழ்த்திய அம்பினும் யானையை நோக்கி எறிந்து குறி தப்பிய வேலே பெருமைக்குரியது என்பது வள்ளுவர் கருத்து. அது போர்க்களத்து வீரம் பற்றியது. காட்டு வேட்டையிலோ நிலைமை வேறு. குறி தப்பிக் காயமுற்ற யானை, சுட்டவனை மட்டுமன்றி வழியில் எதிர்ப்படும் சிற்றூர் மக்களையும் கொல்லக்கூடும். ஆகவே, பெருவிலங்கு வேட்டைக்கு எந்தத் தோட்டாவைத் தேர்வது என்பது பெருமை பற்றிய வினா அன்று. உயிர் பற்றிய வினாவாகும். இவ்வினாவுக்கு வேட்டைக்காரர் கண்ட விடைகளை வரிசையாகக் காண்போம்.

கருமருந்துக் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் துப்பாக்கிக்குப் பயன்பட்டது கருமருந்தே. அதனால் குண்டின் வேகத்தை ஓரளவுக்கு மேல் உயர்த்த இயலாது. எனவே, குண்டின் பருமனைக் கூட்டினர். ஒரு ராத்தல் ஈயத்தில், துப்பாக்கிக் குழலுக்குப் பொருந்தும் உருண்டைகள் எத்தனை வார்க்கலாம் என்பதே அக்காலத்து அளவு. நான்காம் எண் துப்பாக்கியின் உருண்டை கால் ராத்தல், அதாவது 113 கிராம் எடையுள்ளது.

1845ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கர் 21 ராத்தல் எடையுள்ள துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு யானை வேட்டையாடினார். பின்னர் ஆப்பிரிக்காவில் அவர் வைத்திருந்த துப்பாக்கியோ அரை ராத்தல் வெடிகுண்டையே வீசவல்லது. அதற்கு அவர் வேடிக்கையாக இட்ட பெயர் 'குழந்தை'. அதன் பின்னுதைப்புக்கு அவரே அஞ்சினார் என்றால் அதன் ஆற்றலைச் சொல்ல வேண்டுவதில்லை.

கார்டைட் தந்த மாற்றம்

1889ஆம் ஆண்டில் பிரிட்டனில் உருவான கார்டைட் என்னும் புகை குறைந்த மருந்து இந்நிலையை மாற்றியது. 1898இல் ஜான் ரிக்பி என்னும் துப்பாக்கித் தொழிலர் .450 தோட்டாவை வெளியிட்டார். .450 என்பது குழலின் விட்டத்தை அங்குலக் கணக்கில் குறிப்பதாகும். குண்டின் எடை 31 கிராம். வேகம் விநாடிக்கு 2,150 அடி.

நான்காம் எண் உருண்டையின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இக்குண்டு அதனினும் ஆழமாகப் பாய்ந்தது. காரணம் யாது? வேகம் ஒன்று. குண்டின் எடையை அதன் முகப்பரப்பால் வகுத்து வரும் அளவு மற்றொன்று. பழைய உருண்டையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம்; புதிய நீள்குண்டில் 29 கிராம். ஆணி மரத்தில் இறங்குவதும் கூழாங்கல் இறங்காததும் இந்த நியதியால்தான். மேலும், வெறும் ஈயம் எலும்பில் பட்டு நசுங்கும். முழுதும் உலோக உறையிட்ட குண்டு உருக்குலையாமல் செல்லும். புலி போன்ற மென்தோல் விலங்குக்கு முனை விரியும் குண்டு, யானைக்கு முழு உறைக்குண்டு என்ற பாகுபாடு இவ்வாறு நிலைபெற்றது.

சட்டம் மாற்றிய எண்

1907ஆம் ஆண்டில் இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாக்களை அரசு தடை செய்தது. அவற்றின் குண்டுகள் கலகக்காரரிடம் இருந்த பழைய மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகளுக்குப் பயன்பட்டுவிடும் என்பதே அச்சம். தொழிலர்கள் விட்டத்தைச் சற்றே மாற்றி .465, .470, .475 எனப் புதிய தோட்டாக்களைச் செய்தனர். யானையின் எலும்பும் தோலும் மாறவில்லை, மாறியது அரசாணையே. ஒரு பொருளின் அளவை அதன் பயன் மட்டுமே வரையறுப்பதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

மெலிந்த தோட்டாவின் வெற்றி

இதற்கிடையே வால்ட்டர் பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில் தந்தத்திற்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார். அவற்றுள் பெரும்பாலானவற்றைச் சுட்டது .275 தோட்டாவாலேயே. குண்டின் எடை 11 கிராம், ஆற்றல்.450 குண்டின் பாதிக்கும் குறைவு. ஆனால் மேற்சொன்ன கணக்கில் பார்த்தால் சதுர சென்டிமீட்டருக்கு 27 கிராம்! பாயும் திறனில் அது பெருங்குண்டுக்கு நெருங்கி நின்றது.

எனினும், பெல்லின் வெற்றி தோட்டாவினால் மட்டும் வந்ததன்று. அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைக் கற்றறிந்தவர். குறி சில அங்குலம் விலகினாலும் கனத்த குண்டு யானையைச் சற்று நேரம் மயக்கக்கூடும். மெலிந்த குண்டு அந்த அவகாசத்தைத் தராது. பெல்லின் துப்பாக்கியை விலை கொடுத்து வாங்கலாம். அவருடைய அறிவை வாங்க இயலாது. ஆதலால்தான் ஆப்பிரிக்க நாடுகள் சில, இத்தகைய விலங்குகளுக்கு 1912இல் தோன்றிய .375 அளவையே குறைந்த எல்லையாக வகுத்தன. சட்டம் வல்லுநருக்காக எழுதப்படுவதன்று. தவறக்கூடிய சாதாரண மனிதனுக்காக எழுதப்படுவது.

இறுதி விடை

மலாயாவில் தியோடர் ஹப்பேக் என்பவர் யானை, செலாடாங் வேட்டை பற்றி 1905இல் நூல் வெளியிட்டவர். அவரே பின்னாளில் வனவிலங்குக் காப்புக்காகப் பாடுபட்டார். இன்று தாமான் நெகாரா எனப்படும் காப்பகம் 1938-39இல் அமைந்ததில் அவர் முயற்சிக்குப் பெரும்பங்குண்டு. விலங்கின் உடலையும் வழியையும் நன்கு அறிவதே நல்ல வேட்டைக்கு முதல் தேவை என்பதைத் தோட்டாவின் வரலாறு காட்டுகிறது. அவ்வறிவு முதிர்ந்தபோது ஹப்பேக் விலங்கைக் காக்கும் பணியை மேற்கொண்டார். எந்தத் தோட்டா என்னும் வினாவுக்கு அவர் வாழ்க்கை தந்த விடை, துப்பாக்கியைக் கீழே வைப்பதாகவே அமைந்தது.