கடைமடைக்கும் தண்ணி வரணும் - வீட்டு ரவுட்டரின் கதை

டிஸ்கி: இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. ஆனா கண்மாய்த் தண்ணிக்குச் சண்டை போட்ட ஊர்க்காரங்களுக்கு ஈஸியாப் புரியும். மத்தவங்க பொறுத்தருள்க.

வெம்பக்கோட்டைன்னா ஊர் உலகத்துக்குப் பட்டாசும், 2022-ல ஆரம்பிச்ச அகழாய்வும்தான் ஞாபகம் வரும். நமக்குப் பொழைப்பு வேற. சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் டிசைன் பண்ணிக் குடுக்கிறது, வீட்டுல இருந்தே. ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வெளியிடுவாங்க. அதனால ஆனி மாசம் பூரா ராத்திரி பகல் பார்க்காம ஃபைல் அனுப்பிக்கிட்டே இருப்பேன். ஒவ்வொண்ணும் 400 எம்.பி. இருக்கும்.

தம்பி துபாயில இருக்கான். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மாவுக்கு வீடியோ கால். போன வருஷம் ஆனியில அந்தக் கால் ரெண்டு நிமிஷத்துக்கு மேல நிக்கல. படம் உறையும், குரல் விட்டு விட்டு வரும், அப்புறம் கட். "அவனுக்கு என்ன சோலியோ"ன்னு சொல்லிட்டு அம்மா போனைக் கவுத்தி வச்சிடுவாங்க. ஒரு மாசம் இப்படியே போச்சு. நான் பக்கத்து ரூம்ல ஃபைல் அனுப்பிக்கிட்டு இருந்தேன்.

நெட் சரியில்லன்னு பெரிய பிளானுக்கு மாறினேன். டவுன்லோடு ஏறிச்சு, அப்லோடு அதே 8 எம்.பி.பி.எஸ். தான். கால் அப்பவும் கட். சரி, என்னதான் நடக்குதுன்னு தேட ஆரம்பிச்சதுலதான் இந்தப் பழைய கதை கிடைச்சது.

1986 அக்டோபர். கலிபோர்னியாவுல லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல 400 கஜம்தான் தூரம். அந்த இணைப்புல செகண்டுக்கு 32,000 பிட் போய்க்கிட்டு இருந்தது திடீர்னு 40 பிட்டுக்கு விழுந்துடுச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல திரும்பத் திரும்ப அனுப்பி, யாருக்கும் எதுவும் போய்ச் சேரல. வான் ஜேக்கப்சன் 1988-ல இதுக்கு ஒரு வழி சொன்னார். அனுப்புன பாக்கெட் வழியில தொலைஞ்சா, அதை நெரிசலோட அறிகுறியா எடுத்துக்கிட்டு அனுப்புறவன் வேகத்தைக் குறைச்சுக்கணும். இண்டர்நெட் பிழைச்சது அதனாலதான்.

ஆனா இது அனுப்புறவனோட நல்ல மனசை நம்புற ஏற்பாடு. அதுக்கு முன்னாடியே, 1985-ல, ஜான் நேகில்னு ஒருத்தர் வேற கேள்வி கேட்டிருந்தார். ரவுட்டருக்கு முடிவே இல்லாத மெமரி குடுத்தா நெரிசல் தீருமா? தீராது, வரிசைதான் நீளும்னு காட்டினார். அவர் சொன்ன வழி: ஒவ்வொரு அனுப்புநருக்கும் தனி வரிசை, சுத்தி வந்து ஆளுக்கு ஒரு பாக்கெட் எடு. அளவுக்கு மீறி அனுப்புறவன் தன் வரிசையைத்தான் நீளமாக்கிக்குவான். அடுத்தவனுக்குப் பாதிப்பு இல்ல.

நம்ம ஊர்ல இதுக்குப் பேரு முறைத் தண்ணி! மேமடைக்காரன் வாய்க்காலை வெட்டி விட்டுக்கிட்டே இருந்தா கடைமடை காஞ்சு போகும்னுதானே நீர்பாய்ச்சின்னு ஒருத்தரை வச்சாங்க?

ஆளுக்கு ஒரு பாக்கெட்ங்கிறதுலயும் ஒரு ஓட்டை உண்டு. ஒருத்தர் பாக்கெட் 1,500 பைட், இன்னொருத்தர் பாக்கெட் 100 பைட்டுன்னா அது சமமா? 1989-ல ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் மூணு பேரும் பாக்கெட்டை எண்ணாம பிட்டை எண்ணிப் பங்கு போடுற முறையைக் குடுத்தாங்க. கேசவ் நம்ம டெல்லி ஐ.ஐ.டி.யில படிச்சிட்டு அங்க போனவர். முறை நல்லாத்தான் இருந்தது, ஆனா கணக்கு ஜாஸ்தி. 1995-ல ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் அதைச் சுலபமாக்கினாங்க. ஒவ்வொரு சுத்துக்கும் இத்தனை பைட்டுன்னு ஒரு பங்கு. பெரிய பாக்கெட் வந்து அந்தப் பங்கு பத்தலன்னா காத்திரு, மிச்சம் அடுத்த சுத்துல சேரும். தாத்தா முறைத் தண்ணி பாய்ச்சுறப்போ மடை அடைச்சு அரைமணி வீணாப் போனா, அந்த அரைமணியை அடுத்த முறையில கேட்டு வாங்குவார். அதே கணக்குதான்.

இவ்வளவும் தெரிஞ்சிருந்தும் நம்ம வீட்டுக்குள்ள ஏன் வரல? மெமரி விலை விழுந்துடுச்சு. மோடத்துலயும் ரவுட்டர்லயும் தாராளமா அள்ளி வச்சாங்க. பாக்கெட் தொலையிறதே இல்ல, அதனால அனுப்புறவனுக்கு நெரிசல் தெரியிறதும் இல்ல. என் வீட்டுக் கணக்கையே பாருங்க. 8 எம்.பி.பி.எஸ்.னா செகண்டுக்கு ஒரு எம்.பி. மோடத்துல ஒரு எம்.பி. வரிசை தேங்கி நின்னா, அம்மா பேசுற ஒவ்வொரு வார்த்தையும் என் காலண்டருக்குப் பின்னாடி ஒரு செகண்ட் நிக்கணும். எப்படிப் பேச முடியும்?

2010-ல ஜிம் கெட்டிஸ்னு ஒரு கைதேர்ந்த ஆளுக்கும் இதே அனுபவம். வீட்டுல இருந்து பெரிய ஃபைல்களைக் காப்பி பண்றப்போ நெட் படுத்துடுச்சு, பிள்ளைங்க வந்து புகார் பண்ணிச்சுங்க. அவர்தான் இந்த வியாதிக்கு 'பஃபர்ப்ளோட்'னு பேரு வச்சார். 2012-ல கேத்லீன் நிக்கல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் 'கோடெல்' கொண்டு வந்தாங்க. வரிசை எவ்வளவு நீளம்னு பாக்காதே, பாக்கெட் எவ்வளவு நேரமா நிக்குதுன்னு பாரு. 100 மில்லிசெகண்டுக்கு மேலயும் காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழ இறங்கவே இல்லன்னா தூக்கிப் போட ஆரம்பி. அதே வருஷம் எரிக் டூமாசே இதையும் தனி வரிசை முறையையும் சேர்த்து 'எஃப்கியூ-கோடெல்'னு லினக்ஸுக்குள்ள வச்சார். இதை ஊரெல்லாம் பரப்ப உழைச்ச டேவ் டாட், 2025 ஏப்ரல்ல காலமானார். அவருக்கு நம்ம வீட்டுல ஒரு கும்பிடு.

நான் செஞ்சது சிம்பிள். பழைய ரவுட்டர்ல ஓபன்டபிள்யூஆர்டி போட்டு, எஸ்.க்யூ.எம். பேக்கேஜைச் சேர்த்தேன். அப்லோடு வேகத்தை 8-க்குப் பதிலா 7.2-ன்னு குடுத்தேன். ஏன் பத்து சதவீதம் குறைக்கணும்? வரிசை மோடத்துல தேங்காம என் ரவுட்டர்லயே நிக்கணும். மடை நம்ம கையில இருந்தாத்தானே முறை வைக்க முடியும்? 400 எம்.பி. ஃபைல் முன்னாடி ஆறே முக்கால் நிமிஷம், இப்போ ஏழரை. அந்த முக்கால் நிமிஷத்துக்கு அம்மா அரைமணி நேரம் பேசுறாங்க.

இதோட முடியல. எஃப்கியூ-கோடெல் ஆளை எண்ணல, இணைப்பை எண்ணுது. ஒருத்தன் பத்து இணைப்பு திறந்தா பத்துப் பங்கு. 2007-லயே பாப் பிரிஸ்கோ இதை வெளுத்து வாங்கியிருக்கார். 2018-ல லினக்ஸுக்குள்ள வந்த 'கேக்' முதல்ல கருவிக்குக் கருவி பிரிச்சு, அப்புறம்தான் இணைப்புக்குப் பிரிக்குது. (நாட் ஆப்ஷனை ஆன் பண்ண மறந்துடாதீங்க, இல்லன்னா வீடு பூரா ஒரே ஆளாத்தான் அதுக்குத் தெரியும்.)

அப்பவும் பாருங்க, எனக்கு லேப்டாப், மொபைல், டேப்லட்னு மூணு. அம்மாவுக்கு ஒரே ஒரு போன். கேக்கோட கண்ணுல நான் மூணு பேர். கண்மாய்த் தண்ணியிலயும் இதே கதைதான். நிலத்தைக் கணக்குப் பண்ணித்தான் நேரம், நிலம் இல்லாதவனுக்கு முறையே கிடையாது. எதை ஒரு ஆள்னு எண்ணணும்கிறதை எந்த மெஷினும் முடிவு பண்ணாது, நாமதான் பண்ணணும்.

எல்லாம் முடிஞ்சதும் அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன், கட் ஆனதுக்குக் காரணம் தம்பி இல்ல, நான்தான்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க.

"அப்போ அவன் கட் பண்ணலையாய்யா?"

இல்லம்மா.

உங்க வீட்டுல யாரு கடைமடைன்னு இன்னைக்கு ஒரு தடவை பாத்துடுங்க மக்கா.