கேள்வியிலிருந்து காட்சிக்கு: புகழைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள்

ஆங்கிலத் திருமறையையும் ஆங்கில விளக்கவுரைகளையும் துணைக்கொண்டு அருளுரை ஆயத்தம் செய்வது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வாறு செய்யுங்கால், ஒரு சொல் நூற்றாண்டுகளைக் கடந்து வருகையில் பொருள் மாறிவிடக்கூடும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். புகழைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றின் வரலாறு பிரசங்க பீடத்தில் நிற்கும் நம்மையும் தொடுகிறது.

முதலில் 'ஃபேம்' என்னும் சொல்லை நோக்குவோம். 'பேசு' எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியினின்று 'ஃபாமா' பிறந்தது. அதுவே பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. மக்கள் வாயில் வழங்கும் செய்தி என்பதே அதன் முதற்பொருள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாசர் என்னும் ஆங்கிலக் கவிஞர் இப்பெயரால் ஒரு மாளிகையைக் கற்பனை செய்தபோது, உலகில் பேசப்படும் பேச்செல்லாம் அங்கே சென்று சேர்வதாகப் பாடினார். 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பும் இப்பொருளையே அறியும். யோசேப்பின் சகோதரர் வந்த செய்தி பார்வோன் அரண்மனையில் கேட்கப்பட்டதை அது 'ஃபேம்' என்றே கூறுகிறது (ஆதி. 45:16). பஞ்சத்தினால் தானியம் தேடி வந்த மேய்ப்பருக்கு எகிப்தில் என்ன புகழ் இருந்திருக்கும்? 1952இல் முழுமையாக வெளிவந்த ஆர்.எஸ்.வி. மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் 'ரிப்போர்ட்' என்று மாற்றியமைத்தது.

சீரியா எங்கும் இயேசுவின் 'ஃபேம்' பரவியது என்று மத்தேயு 4:24இல் வாசிக்கையிலும் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். மூலத்தில் உள்ள 'அக்கோயே' என்னும் கிரேக்கச் சொல்லுக்குக் கேட்டல், கேட்கப்பட்ட செய்தி என்பனவே பொருள். நம் பழைய தமிழ்த் திருமறையில் உள்ள 'கீர்த்தி'யும் இதற்கு அணித்தானதே. கீர்த்தி, கீர்த்தனை இரண்டும் எடுத்துரைத்தல் என்னும் பொருளுடைய ஒரே வடமொழி அடியிற் பிறந்தவை. இளம் போதகனாயிருந்த காலத்தில், ஆண்டவர் பெற்ற செல்வாக்கின் சிறப்பாக இவ்வசனத்தை நான் பிரசங்கித்ததுண்டு. நற்செய்தியாளர் கூறுவதோ வேறு. நோயுற்றோர் நலம்பெறும் செய்தி சீரியாவின் காதில் விழுந்தது. உடனே மக்கள் தம் நோயாளிகளைக் கொண்டுவந்தனர். கேட்டது அவர்களைச் செயற்படுத்திற்று.

இனி 'நொட்டோரியஸ்' என்னும் சொல். இது 'அறியப்பட்ட' என்னும் பொருளுடைய இலத்தீன் அடியிலிருந்து வந்தது; தொடக்கத்தில் நன்மை தீமை இரண்டையும் சாராதது. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலப் பொது ஜெப நூல், நற்கருணைக்குத் தகாதவரைக் குறிக்கும் ஒழுங்கில் இச்சொல்லை ஆள்கையில், 'தீய' என்னும் சொல்லையும் உடன் சேர்த்தே எழுதியது. தீயவற்றோடு ஓயாது சேர்ந்து வழங்கியமையால் பின்னர் அச்சொல்லே தீய பொருள் பெற்றது. கிரேக்க மொழியில் 'எபிசேமொஸ்' என்னும் ஒரே சொல் பரபாசுக்கும் (மத். 27:16), அன்றோனீக்கு, யூனியா என்போருக்கும் (ரோமர் 16:7) வழங்குகிறது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர் முன்னவனைப் 'பேர்போன'வன் என்றும், பின்னவரைப் 'பெயர்பெற்றவர்கள்' என்றும் வேறுபடுத்தினர். அறியப்பட்டிருத்தல் தன்னளவில் சிறப்பன்று; எதற்காக அறியப்பட்டான் என்பதே கேள்வி.

19ஆம் நூற்றாண்டு இக்கேள்வியைப் பின்னுக்குத் தள்ளியது. லண்டன் டவர் கோட்டையில் அரசர் வளர்த்த சிங்கங்களைக் காணச் செல்வது நாட்டுப்புறத்தாரின் வழக்கம். 1835இல் அவ்விலங்குச்சாலை மூடப்பட்டது. ஆயினும் காணத்தக்க மனிதனைச் சிங்கம் என அழைத்து, விருந்துதோறும் காட்டி மகிழ்வதைக் குறிக்கும் 'லயனைஸ்' என்னும் வினை நிலைத்துவிட்டது. சுண்ணாம்புத் துண்டை ஆக்சிஜன், ஹைட்ரஜன் வாயுக்களின் சுடரில் காய்ச்சிப் பெறும் வெண்ணொளி, 1837இல் லண்டன் கோவன்ட் கார்டன் நாடக அரங்கில் பயன்பட்டது. அதுவே 'லைம்லைட்'. மின்விளக்கு வந்தபின் அவ்வொளி மறைந்தது, சொல் மறையவில்லை. கூட்ட நெருக்கத்தைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழிவந்த 'செலிப்ரிட்டி', முன்பு புகழ்பெற்ற நிலையைக் குறித்தது. 19ஆம் நூற்றாண்டில்தான் அது ஓர் ஆளையே குறிக்கும் பெயராயிற்று. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க வரலாற்றறிஞர் டேனியல் பூர்ஸ்டின், அறியப்பட்டிருப்பதைத் தவிர வேறு சிறப்பு வேண்டாத மனிதனையே இச்சொல் சுட்டுவதாக எடுத்துக்காட்டினார். காதுக்குரியதாயிருந்த புகழ் கண்ணுக்குரியதாயிற்று. செய்தி போய் ஆள் நின்றான்.

திருச்சபையும் இதற்கு விலக்கன்று. 1856 அக்டோபர் 19இல் லண்டன் சர்ரே கார்டன்ஸ் இசைமண்டபத்தில் சார்ல்ஸ் ஸ்பர்ஜனின் அருளுரையைக் கேட்கப் பல்லாயிரவர் திரண்டிருந்தனர். தீ என்று எழுந்த பொய்க்கூச்சலால் நெரிசல் ஏற்பட்டு எழுவர் மாண்டனர். இருபத்திரண்டே வயதினரான அப்போதகர் மனமுடைந்து போனார். அத்துயரின் நினைவு அவரை வாழ்நாளெல்லாம் வருத்திற்று. அவருடைய அருளுரைகளோ 1855 முதல் வாரந்தோறும் அச்சேறி, 1892இல் அவர் மறைந்த பின்னரும் 1917 வரை வெளிவந்துகொண்டிருந்தன. கூட்டம் கலைந்தது, கேள்வி தொடர்ந்தது.

விசுவாசம் கேள்வியினால் வரும் என்று பவுல் எழுதுகையில் (ரோமர் 10:17) அவர் ஆளும் சொல்லும் 'அக்கோயே' என்பதே. மத்தேயு 'கீர்த்தி'க்கு ஆண்ட அதே சொல் அது. ஆராதனை முடிந்து இல்லம் திரும்பும் இறைமக்கள், போதகரைக் கண்டோம் என்பார்களா, செய்தியைக் கேட்டோம் என்பார்களா? ஒவ்வொரு ஓய்வுநாள் மாலையிலும் நாம் நம்மையே வினவிக்கொள்ளத்தக்கது இது.