உஷ்ணத்துக்கு வழிவிட்ட கிழக்கேகோட்டை

திருவனந்தபுரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய எட்டரைப் பாகையில் அமைந்த நகரமாதலால், ஏப்ரல் மாதத்தின் நடுவில் ஒரு முறையும் ஆகஸ்டு மாதத்தின் இறுதியில் ஒரு முறையும் நண்பகற் சூரியன் அதன் நேர் உச்சியில் வந்து நிற்கிறான். மேற்கே அரபிக்கடல் ஓயாமல் ஈரத்தை அனுப்பிக்கொண்டிருப்பதால் வியர்வை எளிதில் உலருவதில்லை. வெப்பமானி காட்டும் அளவைக் காட்டிலும் தேகம் உணரும் உஷ்ணமே இங்கு அதிகம். இந்நகரத்தின் பழைய இருதயம் கிழக்கேகோட்டை. உள்ளே ஸ்ரீபத்மநாபசுவாமி ஆலயமும் தமிழ் அக்ரகாரங்களும், வாயிலுக்கு வெளியே திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் எழுந்த சாலைக் கடைத்தெருவும், இன்று பேருந்துகளின் பேரிரைச்சலும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் இவ்விடத்தில், வெயிலோடு மனிதர் நடத்திய நெடிய உடன்படிக்கையின் சரித்திரம் கட்டடங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கூரையில் சூரியத் தகடு பதித்த கேரவன் வண்டிகளில் மக்கள் பிரயாணம் செய்யத் தொடங்கியிருக்கும் இக்காலத்தில் அச்சரித்திரத்தைப் படித்துப் பார்ப்பது மிகுந்த பிரயோஜனம் தரும் என்பது என் துணிபு.

ஆலயத்தின் தென்கிழக்கே நிற்கும் குதிரைமாளிகையிலிருந்தே தொடங்கவேண்டும். 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா, தம் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் நிர்மாணித்த அரண்மனை அது. மேல்தளத்துக் கூரையின் விளிம்பைத் தாங்குவனபோல் வரிசையாகச் செதுக்கப்பட்ட 122 மரக்குதிரைகளால் அதற்கு இப்பெயர் வந்தது. வருவோர் அனைவரும் குதிரைகளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அக்குதிரைகளுக்கு மேலே சாய்ந்து நீண்டிருக்கும் ஓட்டுக்கூரையைப் பார்ப்பவர் சிலரே. சுவரைத் தாண்டி வெகுதூரம் நீளும் அந்த இறவாரம் வெயிலைச் சுவரில் படவிடுவதில்லை. சாளரங்களில் மரச்சட்டங்களைச் சாய்வாக அடுக்கியிருப்பதால் ஒளி தணிந்து, காற்று தடையின்றி நுழைகிறது. கேரள தச்சர்கள் கூரையின் முக்கோண முகப்பில் மரத்தாலான துவாரப் பலகை வைப்பது மரபு. ஓட்டின் அடியில் தேங்கும் சூடான காற்று, இயல்பாகவே மேலெழும் குணமுடையதாகையால், அவ்வழியே வெளியேறிவிடுகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. விசிறியும் யந்திரமும் இல்லாத அக்காலத்தில், நிழல், இடைவெளி, மேலே ஒரு திறப்பு என்ற மூன்றைக் கொண்டே அவர்கள் உஷ்ணத்தை ஆண்டார்கள். உஷ்ணம் வந்தே தீரும் என்பதை ஏற்றுக்கொண்டு, அது போவதற்கு வழி சமைத்த அறிவு அது. இதைவிட உயர்ந்த பொறியியலை நான் அறியேன்.

அதே மகாராஜாவின் ஆட்சியில், 1837ஆம் ஆண்டு, இந்நகரத்துக் குன்றொன்றின்மீது வானாராய்ச்சி நிலையம் ஒன்று எழுந்தது. ஜனங்கள் அதை நட்சத்திர பங்களா என்றார்கள். ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வர்த்தகப் பிரதிநிதியாக இருந்த ஜான் கால்டிகாட் அதன் முதல் அதிபரானார். நட்சத்திரங்களோடு அவர் நிற்கவில்லை. பூமிக்குள் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைத்து, மண்ணின் உஷ்ணம் எப்படி மாறுகிறது என்பதைப் பொறுமையோடு குறித்துவந்தார். அக்குறிப்புகள் எடின்பரோ ராயல் சங்கத்தின் வெளியீட்டில் அச்சேறின. மேற்பரப்பில் பகலுக்குப் பகல் கொந்தளிக்கும் உஷ்ணம் ஆழத்தில் செல்லச் செல்ல அடங்கி, காலதாமதமாகவே வந்து சேருகிறது என்பது இத்தகைய அளவீடுகளால் தெளிவாகும் உண்மை. கோட்டைக்குள் தச்சர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்ததை, கோட்டைக்கு வெளியே ஒருவர் எண்களால் அறிய முயன்றார். இதனிடையே, 1839இல், பாரிஸ் நகரத்தில் பத்தொன்பது வயதே நிரம்பிய எட்மண்ட் பெக்கெரல், திரவத்தில் அமிழ்த்திய உலோகத் தகடுகளின்மேல் ஒளி பட்டால் மின்சாரம் தோன்றுகிறது என்று கண்டறிந்தார். வெயிலைத் தடுக்கும் கலை இங்கு உச்சத்தில் இருந்த காலத்திலேயே வெயிலைப் பிடிக்கும் கலை அங்கு பிறந்தது. ஆனால் உபயோகமான சிலிக்கான் சூரியக் கலத்தை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம் உலகுக்குக் காட்டியது 1954இல்தான்.

அக்கலம் பிறப்பதற்கு வெகு முன்பே, 1929இல், திருவனந்தபுரத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் பின்னர், 1938 பிப்ரவரி 20ஆம் நாள், சித்திரைத் திருநாள் மகாராஜா அரசாங்கப் பேருந்துச் சேவையைத் தொடங்கிவைத்தார். லண்டன் போக்குவரத்து ஸ்தாபனத்தில் அனுபவம் பெற்ற சால்டர் என்பவர் அதை நடத்த வரவழைக்கப்பட்டார். இங்கிலாந்திலிருந்து பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் பொருத்திய அடிச்சட்டங்கள் வந்திறங்க, மேற்கூண்டுகளை இங்குள்ள தொழிலாளிகளே கட்டினார்கள். எரிபொருளின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் உஷ்ணமாகவே கழிகிறது. அதை முன்புறத்து ரேடியேட்டர் காற்றில் கொட்டிவிடாவிட்டால் வண்டி வழியில் நின்றுவிடும். இதை அறியாத டிரைவர் இல்லை. ரேடியேட்டரின் முன்னே எவனும் மூட்டையைக் கட்டியதில்லை.

இன்றைய கேரவனில் அந்த எச்சரிக்கை மறைந்துவிட்டது என்பதே என் வருத்தம். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக்கொள்கை வகுத்தது. வேன்களை வாங்கி, படுக்கையும் அடுப்பும் சூரியத் தகடும் வைத்து, தாமே வீடாக்கிக்கொள்ளும் இளைஞர்களும் பெருகி வருகிறார்கள். அவர்கள் தகட்டைக் கூரையோடு ஒட்டப் பதிக்கிறார்கள். பாட்டரியையும், தகட்டின் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தி அதற்கு அனுப்பும் சோலார் சார்ஜ் கன்ட்ரோலரையும், கண்ணுக்குத் தெரியாதிருப்பதே அழகென்று எண்ணி, இருக்கைக்கு அடியில் பெட்டிக்குள் அடைத்துப் பூட்டுகிறார்கள். அப்பெட்டிக்குள் நிகழ்வதைச் சற்று நிதானமாக விளக்கவேண்டும். கன்ட்ரோலர் தன் வழியே செல்லும் மின்சக்தியில் ஒரு சிறு பகுதியை உஷ்ணமாக இழக்கிறது. 500 வாட் செல்லும்போது இழப்பு 5 சதவீதமென்றால் 25 வாட். சிறிய தொகைதான், ஆனால் மூடிய பெட்டியில் அதற்குப் போக்கிடம் இல்லை. வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்ளே ஏற்கெனவே 50 டிகிரியைத் தாண்டக்கூடிய காற்றோடு அதுவும் சேருகிறது. நல்ல கன்ட்ரோலர்கள் சூடு மிஞ்சினால் தம்மைக் காத்துக்கொள்ள மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். வெயில் மிகுந்த நடுப்பகலில்தான் பாட்டரிக்கு மின்சாரம் குறைவாகச் செல்லும் விபரீதம் இப்படித்தான் நேருகிறது. ஈய அமில பாட்டரியோ, நிரந்தரமாக 10 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் தன் ஆயுளில் ஏறக்குறைய பாதியை இழக்கிறது. தகட்டுக்கும் இதே கதி: 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீத சக்தி குறைவதால், 60 டிகிரிக்குச் சூடேறிய 400 வாட் தகடு 56 வாட்டை வீணே விட்டுவிடுகிறது. இவற்றோடு திருகு தளர்ந்த இணைப்பும் மெல்லிய கம்பியும் சேர்ந்தால் நஷ்டம் விபத்தாகவும் மாறும்.

பரிகாரமோ கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. தகட்டைக் கூரையிலிருந்து சில அங்குலம் உயர்த்திப் பதித்தால், ஓட்டுக்கடியில் காற்று ஓடுவதுபோலவே அதன் அடியிலும் ஓடும். அதுவே வண்டியின் கூரைக்கு நிழலுமாகும். கன்ட்ரோலரை எரியாத பலகையில் செங்குத்தாக, அதன் முதுகிலுள்ள அலுமினிய மடிப்புகள் மேல்நோக்கி நிற்குமாறு பொருத்தி, மேலும் கீழும் குறைந்தது 10 சென்டிமீட்டர் வெளி விடவேண்டும். பெட்டியின் அடியில் ஒரு துவாரமும் உச்சியில் ஒரு துவாரமும் அவசியம். அடியில் மட்டும் வைத்தால் பயனில்லை, சூடான காற்று இறங்கிப் போகாது. துவாரம் போதாவிடில் குறிப்பிட்ட சூட்டில் தானே சுழலும் சிறு விசிறியைச் சேர்க்கலாம். நிறுத்தும்போது தகட்டுக்கு வெயிலும் பெட்டி இருக்கும் பக்கத்துக்கு நிழலும் கிடைக்குமாறு வண்டியைத் திருப்பி நிறுத்துவதில் ஒரு காசும் செலவில்லை.

வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் 75 பேரை ஏற்றிச் செல்லும் ஆதித்யா என்ற சூரியப் படகையும், 2015இல் முற்றிலும் சூரிய சக்தியால் இயங்கத் தொடங்கிய கொச்சி விமான நிலையத்தையும் நிறுவிய நாடு இது. திறமைக்கு இங்கு பஞ்சமில்லை. ஆகையால், வண்டி கட்டப் புறப்படும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சாலைக் கடைத்தெருவில் கம்பியும் ஃபியூஸும் வாங்க வரும் நாளில், ஒரு மணி நேரம் குதிரைமாளிகைக்குள் சென்று, இறவாரத்தையும் சாய்சட்டச் சாளரங்களையும் கண்ணாரப் பார்த்து, அதன்பிறகு உங்கள் பெட்டியின் வரைபடத்தைப் போடுங்கள். திங்கட்கிழமையில் மட்டும் போகவேண்டாம். அன்று மாளிகைக்கு விடுமுறை.